கொமிலாவிலிருந்து ஒராங்கி வரை

வறிய நாடுகளின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னர் வரலாறு எழுதியோரின் பழைய வழக்கத்தையே பின்பற்றுகின்றனர். எந்த நாடு எவ்வளவு கடன் கொடுத்தது, எந்த அமைச்சர் அடிக்கல் நாட்டினார், எந்த ஆண்டில் எந்தத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது என்பன ஏடுகளிலே நிரம்பிக் கிடக்கின்றன. திறந்து வைத்தவர் வீடு திரும்பிய பின்னர் அந்த ஊரிலே நடந்தது யாது? பணம் நின்றதும் சங்கமும் நின்றதா, அன்றி ஊரவர் அதனைத் தமதாக்கிக் கொண்டனரா? இவற்றுக்கு விடை தேடுவோர் மாலை மரியாதைக்குப் பிந்திய காலத்தை ஆராய வேண்டியிருக்கிறது.

இன்று உதவி வழங்கும் ஸ்தாபனம் எதனுடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் தற்சார்பு, உள்ளூர்த் தலைமை என்னும் சொற்கள் தவறாது காணப்படும். முதலில் நாங்கள் நடத்துகிறோம், பின்னர் உங்களிடம் ஒப்படைக்கிறோம் என்பதே அவ்வறிக்கைகளின் சாரம். அந்தப் 'பின்னர்' எப்பொழுது வரும் என்பதிலேதான் வழக்கு. கிழக்கு வங்காளத்துக் கொமிலாவிலும் கராச்சி நகரத்து ஒராங்கியிலும் நிகழ்ந்தவற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வது இதன் பொருட்டேயாகும். இரண்டு இடங்களுக்கும் பொதுவான மனிதர் ஒருவர் உளர். முதலிடத்திலே தாம் பெற்ற வெற்றி பிறர் கையிலே சிதைவதை அவர் உயிரோடிருந்து பார்த்தார். இரண்டாம் இடத்திலே, அறுபத்தைந்து வயதில், வேறு விதமாகத் தொடங்கினார்.

அக்தர் ஹமீத் கான் 1914ஆம் ஆண்டு ஆக்ராவிலே பிறந்தவர். இந்திய சிவில் சேவையிற் சேர்ந்து வங்காளத்திலே அதிகாரியாகப் பணி புரிந்தார். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே வங்காளத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று கணிப்பர். பிரிட்டிஷாரின் போர்க்காலக் கொள்கையும் பதுக்கல் வியாபாரமும் சேர்ந்து செய்த கொலை அது. அந்த ஆட்சியின் உத்தியோகத்தைக் கான் உதறினார். உத்தியோகத்தைத் துறந்தோர் பலர் அந்நாளிலே அரசியல் மேடைக்குச் சென்றனர். இவரோ அலிகார் நகரத்துக்கு அண்மையிலே ஒரு கிராமத்திற் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் இரண்டாண்டளவு வாழ்ந்தார். இதனைத் துறவறமாகப் போற்ற வேண்டுவதில்லை. திரும்பிச் செல்ல வேறு வாழ்வு உள்ளவனுடைய வறுமையும் அஃதில்லாதவனுடைய வறுமையும் ஒன்றாகா. ஆயினும், ஏழைக்குப் புத்தி கூறும் தொழிலிலே பின்னர் இறங்கிய ஒருவர், தமக்குப் புத்தி போதாது என்று முதலில் அறிந்துகொண்டது அங்கேதான். 1950இல் அவர் கிழக்குப் பாக்கிஸ்தான் சென்று கொமிலாவின் விக்டோரியாக் கல்லூரிக்கு அதிபரானார்.

அக்காலத்திலே பாக்கிஸ்தானில் அமெரிக்கப் பணத்தோடு கிராம உதவித் திட்டம் ஒன்று நடைபெற்றது. அரசாங்கம் இளைஞரைப் பயிற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும். அவர்கள் விவசாயிக்கு உரத்தையும் சுகாதாரத்தையும் போதிப்பர். கான் 1950களின் நடுப்பகுதியிலே சிறிது காலம் கிழக்குப் பாக்கிஸ்தானில் இத்திட்டத்தின் பணிப்பாளராக இருந்தார். உரத்தைப் போதித்த இளைஞன் ஒருநாளும் ஏர் பிடித்தவனல்லன். கேட்டுக்கொண்டிருந்த விவசாயிக்கோ உரம் வாங்கக் காசில்லை. அமெரிக்கப் பணம் நின்றது. 1961இல் திட்டமும் மூடப்பட்டது. அதற்காகக் கிராமங்களில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

1959ஆம் ஆண்டு மே மாதத்திலே கொமிலாவிற் கிராம அபிவிருத்திப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டது. கான் அதன் பணிப்பாளர். போர்ட் நிதியம் பணம் கொடுத்தது. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகம் ஆலோசகரை அனுப்பியது. ஆசியக் கிராமங்கள் சீனாவின் வழியிற் செல்லாது தடுப்பதில் அமெரிக்கா அக்கறை கொண்டிருந்த காலம் அது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொடுத்தவரின் நோக்கம் அதுவாயினும், அங்கு நடந்ததை அந்நோக்கத்தோடு சேர்த்து ஒதுக்கிவிடுதல் வரலாற்று நேர்மையாகாது.

கழகத்தின் வேலை அதிகாரிகளைப் பயிற்றுவது. கிராமத்தை அறியாத அதிகாரிக்குப் புத்தகத்தாற் கிராமத்தைக் கற்பித்தல் இயலாது என்று கருதிய கான், கொமிலாவைச் சூழ்ந்த கோத்வாலி தாணாவைப் பரிசோதனைக் களமாகக் கேட்டுப் பெற்றார். தாணா என்பது பொலிஸ் நிலையம் ஒன்றின் எல்லைக்குட்பட்ட நிருவாகப் பிரிவு. ஏறக்குறைய 100 சதுர மைல் பரப்பிலே 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். கோமதி ஆறு பெருக்கெடுத்து வயல்களை அழிப்பது வழக்கம். நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. உழவர் வட்டிக்காரனிடம் சிக்குண்டிருந்தனர்.

கான் செய்த முதன்மையான மாற்றம் மிக எளிது. கிராமத்துக்கு ஆசிரியரை அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, கிராமமே தன் மாணவனைத் தெரிந்து அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒவ்வொரு கிராமச் சங்கமும் தன் முகாமையாளனாக ஓர் உழவனைத் தெரிந்தெடுக்கும். அவன் வாரத்துக்கு ஒருமுறை கழகத்துக்கு வந்து, பயிரைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்டு, தன் சந்தேகங்களையும் கூறிவிட்டு ஊர் திரும்பி, வாராந்தக் கூட்டத்திலே மற்றவர்க்குச் சொல்வான். அக்கூட்டத்திலே ஒவ்வோர் அங்கத்தவனும் சிறுதொகையேனும் சேமிப்பாக இடல் வேண்டும். சேமியாத சங்கத்துக்குக் கடன் இல்லை. 1962இல் இச்சங்கங்களின் மேலே தாணா முழுவதற்கும் ஒரு மத்திய சங்கம் பதிவு செய்யப்பட்டு, கடனும் நீரிறைக்கும் இயந்திரங்களும் குழாய்க்கிணறுகளும் அதன்வழி வந்தன.

சேமிப்பு முந்த வேண்டும், கடன் பிந்த வேண்டும் என்னும் இவ்விதிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கான் அடிக்கடி எடுத்துக்காட்டிய ஜேர்மானியராகிய ரைபைசன், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே பட்டினியாற் கிடந்த ரைன் நாட்டுக் கிராமங்களுக்குச் செல்வந்தரின் தருமத்தைத் திரட்டி ரொட்டியும் கடனும் வழங்கத் தொடங்கினார். செல்வந்தரின் இரக்கம் சில ஆண்டுகளில் வற்றியது. அதன் பின்னரே, கடன் வாங்குவோர் தாமே ஒருவர்க்கொருவர் பிணையாக நின்று நடத்தும் சங்கங்களை அவர் 1860களில் அமைத்தார். பிரிட்டிஷார் அந்த முறையை 1904ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்தியாவுக்கும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் இலங்கைக்கும் கொணர்ந்தனர். ரைன் கிராமத்திலே மக்கள் அமைத்து அரசிடம் பதிவு செய்ததை, இங்கே அரசு சட்டம் இயற்றிப் பதிவாளரை நியமித்து மக்களிடம் கொண்டு சென்றது. நம் நாட்டுக் கூட்டுறவின் பல நோய்களுக்கு வித்து அங்கேயே கிடக்கிறது. அஃது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

கொமிலாச் சங்கங்களிலே மிக நெடுங்காலம் நிலைத்தவற்றுள் ஒன்றின் தொடக்கத்தை இங்கே கூறுதல் தகும். 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நகரத்துக்கு அண்மையிலே தேநீர்க்கடை வைத்திருந்த முகமது யாசின் என்பவர், தம்மிடம் தேநீர் அருந்த வரும் ரிக்ஷா இழுப்போரிடம் நாளுக்கு ஒரு கோப்பைத் தேநீரைக் குறைத்து அக்காசைச் சேர்ப்போம் என்றார். ஒன்பது பேர், ஆளுக்கு ஓர் அணா. முதல் நாளின் மூலதனம் 9 அணா. அவர்கள் இழுத்த ரிக்ஷாக்கள் பிறருடையவை. நாள் உழைப்பிலே ஒரு பங்கு வாடகையாகப் போயிற்று. சேமிப்போடு கழகத்தின் கடனுதவியும் சேர, தமக்கென ரிக்ஷாக்களை வாங்கினர். பின்னர் செங்கல் சூளையும் குழாய்க்கிணறும் அச்சங்கத்துக்கு உடைமையாயின. தீதார் சங்கம் எனப்படும் அதனைக் கட்டியெழுப்பியமைக்காக யாசின் 1988இல் மக்சாயசாய் விருது பெற்றார். கானுக்கு அதே விருது 1963இலேயே கிடைத்திருந்தது. அதிகாரிக்கும் தேநீர்க்கடைக்காரருக்கும் இடையே 25 ஆண்டுகள் சென்றன.

கொமிலா உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியர் வந்தனர், நூல்கள் எழுதினர். அப்புகழே அதற்குப் பகையாயிற்று.

முதலாவது அடி அரசியலினால் விழுந்தது. 1961-62இல் கொமிலாவிலே ஊரவர் தம் ஊரின் வாய்க்காலையும் வீதியையும் தாமே திட்டமிட்டு, வேலையற்ற காலத்திலே கூலி பெற்று அமைக்கும் வேலைத்திட்டம் பரீட்சிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிஞ்சிய கோதுமை அதற்கு நிதியாயிற்று. அடுத்த ஆண்டே அயூப் கானின் அரசு அதனைக் கிழக்குப் பாக்கிஸ்தான் முழுவதற்கும் விரித்தது. பணம் 'அடிப்படைச் சனநாயகம்' என்னும் பெயரால் அமைந்த ஒன்றியச் சபைகளின் வழியே சென்றது. அச்சபை உறுப்பினரே நாட்டின் சனாதிபதியைத் தெரிவு செய்யும் வாக்காளர்! 1965 சனவரித் தேர்தலிலே அயூப் கானுக்கு வாக்களித்தோரும் அவர்களே. வீதி போட வந்த பணம் விசுவாசத்தையும் போட்டது என்பதைப் பொருளியலாளர் ரெஹ்மான் சோபான் 1968இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார். கொமிலாவின் வேலைத்திட்டத்தில் ஊரார் முன்னிலையிலே கணக்குக் காட்டும் வழக்கம் இருந்தது. நாடு முழுவதற்கும் விரிந்தபோது பணம் வேகமாகச் சென்றது, கணக்குப் பின்தங்கியது.

இரண்டாவது அடி இன்னும் ஆழமானது. 1970களிலே, சுதந்திர வங்காளதேசம் ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் என்னும் பெயரிற் கொமிலா முறையை நாடெங்கும் பரப்பியது. வெளிநாட்டுக் கடன் பெருகி வந்தது. எத்தனை தாணா, எத்தனை சங்கம் என்னும் இலக்கங்கள் மேலிருந்து விதிக்கப்பட்டன. வாராந்தக் கூட்டமும் சேமிப்பும் சடங்காயின. கடனும் இயந்திரமும் மாத்திரம் உண்மையாயின. சங்கத்தை யார் கைப்பற்றுவர் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. நிலம் அதிகமுள்ளவன் முகாமையாளனானான். குழாய்க்கிணறு அவன் வயலிலே இறங்கியது. அவன் வாங்கிய கடன் திரும்பவில்லை. திரும்பாமையைக் கேட்கும் துணிவு சிற்றுழவனுக்கு இல்லை. சங்கம் நிலமுள்ள உழவர்க்கென அமைந்தமையாற் கூலி விவசாயி தொடக்கத்திலேயே வாசலுக்கு வெளியே நின்றான். வங்காளக் கிராமத்து மக்களிற் பெரும்பகுதியினர் அவ்வாறு வெளியே நின்றவரே.

இடதுசாரிகள் அன்று கூறிய குற்றச்சாட்டை நாமும் கூறுகிறோம்: நில உறவை மாற்றாது கூட்டுறவை விதைத்தால் நிலவுடைமையாளனே அறுவடை செய்வான். கான் நிலச்சீர்திருத்தம் பேசியவரல்லர். உள்ள சமுதாயத்திலே இயன்றதைச் செய்தல் என்பது அவர் நெறி. அந்நெறியின் எல்லையைக் கொமிலா காட்டிவிட்டது. ஆனால் அக்குற்றச்சாட்டோடு நின்றுவிடுவோமாயின் ஒன்றை விளக்க மாட்டோம். ஒரே மாவட்டத்திலே, ஒரே நில உறவுகளின் கீழே, தீதார் சங்கம் எவ்வாறு நிலைத்தது? அங்கே உறுப்பினர் ஏறக்குறைய ஒரே நிலையிலுள்ள ஏழைகள். முதற்காசு அவர்களுடையது. கடன் வரும்முன் கணக்கு வைக்கப் பழகியிருந்தனர். மூன்றும் சேர்ந்த இடத்தில் வெளியுதவி ஊன்றுகோலாயிற்று. இல்லாத இடத்திலே கொள்ளைப் பொருளாயிற்று.

1971இன் பின் கான் பாக்கிஸ்தானுக்குத் திரும்பியிருந்தார். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கராச்சியின் ஒராங்கியில் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கினார். பி.சி.சி.ஐ. என்னும் வங்கியின் தலைவராகிய ஆகா ஹசன் அபேதியின் அழைப்பு. பணம் அவ்வங்கியின் அறநிலையத்தினுடையது. அவ்வங்கி 1991இல் மோசடியின் காரணமாகப் பல நாடுகளில் ஒருசேர மூடப்பட்டது. ஏழைகளுக்கு வரும் பணத்தின் பிறப்பை ஆராயப் புகுந்தால் இத்தகைய விநோதங்கள் பல வெளிப்படும்.

ஒராங்கி கராச்சியின் வடமேற்கிலுள்ளது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்த அனுமதியற்ற குடியிருப்பு. அரச நிலத்தைத் தரகர் துண்டுபோட்டு விற்றனர்; பொலிசாருக்கும் சிறு அதிகாரிகளுக்கும் அவர்களுடைய பங்கு சென்றது. 1971 யுத்தத்தின் பின் வங்காளத்திலிருந்து வந்த பிஹாரி முஸ்லிம்கள், வடமேற்கிலிருந்து வந்த பத்தானியர், பஞ்சாபியர், சிந்தியர், பலூச்சியர் எனப் பல மக்கள் அங்கே குடியேறினர். சீமெந்துக் கல் அரிந்து விற்கும் உள்ளூர்ப் பட்டறைக்காரரிடம் கல்லைக் கடனாகப் பெற்று, ஆலோசனையும் அவர்களிடமே கேட்டு, மக்கள் வீடு கட்டினர். அரசு ஒரு கல் வைக்கவில்லை. எந்த நாடும் உதவி வழங்கவில்லை. பல இலட்சம் பேருக்கு வீடு எழுந்துவிட்டது.

கான் சில மாதங்கள் வேறொன்றும் செய்யாது தெருத் தெருவாக நடந்து, மக்களோடு பேசினார். அவர்கள் முதலிற் கூறியது கழிவுநீரைப் பற்றி. வாளி மலசலகூடம், ஊறுகுழி, ஒழுங்கையின் நடுவே திறந்தோடும் சாக்கடை, அதிலே விளையாடும் குழந்தை, ஈரம் ஊறி வெடிக்கும் சுவர். இத்தனையையும் அறிந்திருந்தும் அவர்கள் ஏன் வாளாவிருந்தனர்? வீட்டைத் தாமே கட்டியவர்க்குக் குழாய் புதைக்கத் தெரியாதா? விடை மனத்திலே இருந்தது. வீட்டுப்படிக்கு உள்ளே தன் பொறுப்பு; படிக்கு வெளியே அரசின் பொறுப்பு. அரசு இலவசமாகச் செய்யும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வந்த வாக்குறுதி அந்நம்பிக்கையைப் பேணியது. அரசோ, வெளிநாட்டுக் கடன் கிடைத்தாலன்றிச் செய்யாது. கடனிற் செய்தால் அதன் செலவை இந்த மக்கள் எக்காலத்தும் செலுத்த இயலாது.

செலவு ஏன் அத்துணை பெரிது என்று திட்டத்தார் ஆராய்ந்தனர். கட்டடக் கலைஞர் ஆரிப் ஹசன் 1980களின் தொடக்கத்திலே இதில் இணைந்தார். பொறியியலாளரின் வரைபடம் பணக்கார நாட்டு நகரங்களுக்கு ஏற்றது. கொந்தராத்துக்காரனின் இலாபம் ஒரு பங்கு, அதிகாரியின் கையூட்டு ஒரு பங்கு, ஆலோசகரின் ஊதியம் ஒரு பங்கு, எஞ்சியதே குழாய். வரைபடத்தை எளிதாக்கி, குழாய்கள் சந்திக்கும் தொட்டிகளை உருக்கு அச்சிலே அங்கேயே வார்த்து, கூலி வேலையையும் மேற்பார்வையையும் ஒழுங்கையாரே ஏற்றபோது, வீடு ஒன்றுக்குத் தொடக்க காலத்தில் ஏறக்குறைய 1000 ரூபாய் போதுமானதாயிற்று. ஓராண்டுக் காத்திருப்புக்கும் மருந்துக்கும் செலவழித்ததோடு ஒப்பிட்டால் அஃது அவர்களாற் கொடுக்கத்தக்க தொகை.

அமைப்பின் அலகு ஒழுங்கை. 20 முதல் 30 வீடுகள். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவர். கணக்கிலே களவு செய்பவன் மறுநாள் முகம் காட்ட இயலாது. ஒராங்கி முழுவதற்கும் ஒரு பெரும் சங்கம் அமைத்திருந்தால் அதன் தலைமையைத் தரகரும் கட்சிக்காரரும் பறித்திருப்பர். கொமிலாவின் அனுபவம் இத்தெரிவிலே பேசுகிறதென நாம் கருதுகிறோம். ஒழுங்கையார் தமக்குள் ஒருவரைத் தெரிந்து, தாமே திட்ட அலுவலகத்திடம் கேட்டால், அங்கிருந்து ஒருவர் மட்டம் பார்க்கும் கருவியோடு வருவார். வரைபடமும் மதிப்பீடும் தருவார். கருவிகளை இரவல் கொடுப்பார். பணத்தை மாத்திரம் அவர் தொடார். பணத்தைத் திரட்டுவதும் வைத்திருப்பதும் செலவழிப்பதும் ஒழுங்கையாருடைய வேலை. வெளியிலிருந்து வந்த நிதி ஆராய்ச்சிக்கும் ஆலோசனைக்கும் சென்றதேயன்றி, ஒரு ஒழுங்கைக்கும் ஒரு சதமேனும் குழாய்க்கென்று கொடுக்கப்படவில்லை. இது கருமித்தனமாகத் தோன்றலாம். குழாய் யாருடையது என்னும் வினாவுக்கு விடை அதிலேயே அடங்கியிருக்கிறது. அடைபட்டால் அதனைத் திறப்பவரும் அவர்களே.

எல்லாம் இனிது நடந்ததென்று எண்ணற்க. முதலிற் போட்ட சில குழாய்களின் கொங்கிறீற்று நன்கு கலக்கப்படாமலும், வார்த்தபின் நீர்விட்டுப் பதப்படுத்தப்படாமலும் பழுதுபட்டது. வீட்டுக்காரன் மேற்பார்வை செய்தால் தரம் தானே வரும் என்ற நினைப்பு பொய்த்தது. கற்பிக்கும் வேலையை இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டியதாயிற்று. சில ஒழுங்கைகளில் ஒரு வீட்டார் பணம் தர மறுக்க வேலை மாதக்கணக்கில் நின்றது. ஆண்கள் வாதிட்டுக் கொண்டிருக்க, சாக்கடையோடு நாள் முழுதும் வாழ்ந்த பெண்கள் வற்புறுத்தி முடித்த ஒழுங்கைகளும் உண்டு.

1980களின் முற்பகுதியிலே ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பைச் சேர்ந்த ஆலோசகர் வந்து சேர்ந்தனர். முதலில் முழுப் பகுதிக்கும் திட்ட வரைபடம் வேண்டும், ஆண்டுக்கு இத்தனை ஒழுங்கை என்று இலக்கு வேண்டும் என்றனர். மக்கள் எப்பொழுது கேட்பர் என்று எவ்வாறு இலக்கு வைப்பது என்பது கானின் பதில். இரு வழியும் பொருந்தவில்லை, பிரிந்தனர். ஆலோசகரைக் கேலி செய்வது எளிது. அவருடைய சம்பளம் ஒரு காலவரையறையோடு கட்டுண்டது. அவருடைய எசமானர் ஆண்டிறுதியில் எண்ணிக்கை கேட்பார். குற்றம் மனிதரைக் காட்டிலும் முறையினுடையது. எவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறதோ அவரே உண்மையான எசமானர். ஆலோசகர் ஜெனீவாவுக்கும் நைரோபிக்கும் கணக்குக் காட்டுபவர்; ஒழுங்கையின் பொறுப்பாளன் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கணக்குக் காட்டுபவன்.

21ஆம் நூற்றாண்டு பிறந்த வேளையிலே ஒராங்கியில் ஏறக்குறைய 6,000 ஒழுங்கைகளில், 90,000 அளவிலான வீடுகள் கழிவுநீர்க் குழாய் பெற்றிருந்தன. மக்கள் தம் கையிலிருந்து செலவழித்தது ஏறக்குறைய 8 கோடி ரூபாய். 1988இலேயே திட்டம் நான்கு தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒன்று, சிறு தொழிற் கடனுக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, நிதியைப் பகிர்வதற்கு ஒன்று. தம்மைச் சுற்றி ஒரு பெரிய ஸ்தாபனம் வளர்வதைக் காண விரும்பும் தொண்டர் அதிகம். தம் ஸ்தாபனத்தைத் தாமே துண்டாக்குபவர் அரியர். கான் 1999 ஒக்டோபரிலே காலமானார்.

இங்கே முற்போக்காளர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: கிளிப்டன் போன்ற செல்வர் பகுதிக்குக் குழாய் போட்டது பொதுப் பணம், ஏழையோ தன் பட்டினிக் காசைக் கொடுத்துத் தன் சாக்கடையைத் தானே மூட வேண்டுமா? அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் தந்திரமன்றோ இத் தற்சார்பு? கேள்வி நியாயமானது. 1980களின் பின் உலக வங்கியும் அதன் வழிநின்ற அரசாங்கங்களும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உரிய பணத்தை வெட்டியபோது 'மக்கள் பங்களிப்பு' என்னும் சொல்லையே திரையாகப் பயன்படுத்தின என்பதை நாம் மறக்கவில்லை.

ஒராங்கியார் இதற்குக் கண்ட விடை, பொறுப்பை ஒரு கோடு இட்டுப் பிரித்ததாகும். வீட்டு மலசலகூடம், ஒழுங்கைக் குழாய், ஒழுங்கைகளைச் சேர்க்கும் குழாய் ஆகிய உட்பகுதி மக்களுடையது. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் ஆகிய வெளிப்பகுதி அரசினுடையது. தம் பங்கைச் செய்து முடித்தவர், அரசின் பங்கைக் கேட்கும்போது மனுக் கொடுக்கும் ஏழையாக நில்லார்; கடன்காரனைத் தேடிவந்த சாகுகாரனைப் போல நிற்பார். அத்தோடு அவர்கள் கையிலே வரைபடம் இருந்தது. கராச்சியின் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளையும் ஓடைகளையும் உள்ளூர் இளைஞர் அளந்து வரைந்தனர். மாநகரத்தின் கழிவுநீரிற் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்லாது ஓடைகளின் வழியே கடலுக்குச் செல்கிறதென்பதும், நிலையங்கள் குறைந்த அளவிலேயே இயங்குகின்றன என்பதும் அவ்வரைபடங்களால் வெளிப்பட்டன.

இந்த அறிவு 1999இலே பயன்பட்டது. கொரங்கிப் பகுதியின் கழிவுநீர்த் திட்டத்துக்காக ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் 7 கோடி டொலர் கடன் பெற ஏற்பாடு முடிந்திருந்தது. ஒராங்கி நிறுவனத்தார், அப்பகுதியிலே மக்கள் ஏற்கெனவே போட்ட குழாய்களையும் ஓடைகளையும் கணக்கிற்கொண்டு மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்து, இதன் சிறுபகுதியே போதும், அதற்குக் கடன் வேண்டுவதில்லை என்று காட்டினர். சிந்து மாகாண அரசு அக்கடனைக் கைவிட்டது. உதவி பெறுவோர் கணக்குப் பார்த்து உதவியை வேண்டாமென்ற இந்நிகழ்ச்சி, ஒராங்கியின் குழாய்கள் எல்லாவற்றையும் விட முக்கியமானதென்பது நம் கருத்து. வங்கியின் அறிக்கையைப் பிழையென்று கூற, வங்கியிடம் இல்லாத அறிவு வேண்டியிருந்தது. அவ்வறிவு ஒழுங்கைகளிலே பிறந்தது.

அளப்பதும் வரைவதும் ஆபத்தற்ற வேலையென்று யாரும் எண்ணலாகாது. பர்வீன் ரஹ்மான் 1957இல் டாக்காவிலே பிறந்து, 1971இன் பின் குடும்பத்தோடு கராச்சிக்கு வந்தவர். கட்டடக் கலை கற்று, 1980களின் தொடக்கத்திலே இத்திட்டத்திற் சேர்ந்து, பின்னர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். நகர விளிம்பிலுள்ள பழைய கிராமங்களை ஆவணப்படுத்தினார். ஆவணம் இருந்தால் அக்கிராமத்தார்க்கு நில உரிமை கோர வழியுண்டு. பொதுக் குழாயிலிருந்து நீரைத் திருடித் தாங்கி வண்டிகளில் விற்போரைப் பற்றியும் ஆராய்ந்தார். 2013 மார்ச் 13ஆம் தேதி அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2021இல் ஐவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

ஒராங்கி முறை வேறு நகரங்களிலே அதே வேகத்தோடு பரவவில்லை. அரசு ஏற்ற பங்கோ பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. குழாய்களின் கழிவுநீர் ஓடைகளில் விழுந்து சுத்திகரிக்கப்படாமலே கடலை அடைந்தது. 2020 ஆகஸ்டில் கராச்சியைப் பெருவெள்ளம் மூடியது. ஓடைக்கரையிலே வாழும் ஏழைகளின் வீடுகளே வெள்ளத்துக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. 2021ஆம் ஆண்டிலே குஜ்ஜார் ஓடையின் கரையிலும் ஒராங்கி ஓடையின் கரையிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அரச குத்தகைப் பத்திரம் வைத்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். இடிக்க வந்த இயந்திரங்களின் முன்னே அப்பத்திரங்களையும் தம் வரைபடங்களையும் கையிலேந்தி நின்ற மக்கள், மாற்று வீடு கேட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர்.